ரெண்டாவதும் குறைமாசத்துல பொறந்துருமோன்னு பயமா இருக்கு, ஆராய்ச்சில உருப்படியா ஏதாச்சும் வந்திருக்கா?

ரெண்டாங்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கானாடுகாத்தான் பக்கம், இப்ப 14 வாரம். மூத்தவன் 31 வாரத்துல பொறந்தான், ஒரு கிலோ நானூறு. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு எங்க ஆத்தா வீட்டுக்கு கூட்டியாந்தாக, வந்து பன்னெண்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு பாயெல்லாம் நனைஞ்சு போச்சு. அது பனிக்குடம்னே எனக்கு தெரியல, தலமாட்டுல இருந்த கூஜா சாஞ்சிருச்சுன்னு நெனச்சு இருட்டுக்குள்ள தடவி அதை நிமுத்தி வைக்கப் போனேன், கூஜா நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு, நெறையா தண்ணியோட. அப்பதான் கத்துனேன்.

33 நாள் ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டி. இப்ப நாலு வயசு, வளவுல தூண் தூணா சுத்தி ஓடிக்கிட்டு இருக்கான், அந்தக் கொறை ஒண்ணும் இல்ல. ஆனா இப்ப மறுபடி உண்டாயிருக்கவும் எல்லாரும் பழைய கதையை எடுத்துட்டாக. அப்பத்தா கண்ணேறுங்குறாக, மாமியார் ஆட்டோவுல பிள்ளையார்பட்டி போனதாலங்குறாக, எங்க ஆத்தா நான் மாடிப்படி ஏறுனதாலங்குறா. டாக்டரம்மா மட்டும் ஒரு தடவ இப்புடி ஆச்சுன்னா மறுதடவையும் ஆக வாய்ப்பு கூட, 18ல இருந்து 20 வாரத்துக்குள்ள வா, கருப்பை வாய் நீளம் அளக்கணும்னு சொன்னாக. ஏன் எதுக்குன்னு கேக்க முடியல, வெளிய நாப்பது பேரு உக்காந்திருக்காக.

தம்பி பயோடெக் படிக்கிறான், அவன்கிட்ட கேட்டா மனுஷங்களுக்கு பிரசவ வலி எந்த சுவிட்ச்ல ஆரம்பிக்குதுன்னே இன்னும் முழுசா கண்டுபுடிக்கலக்கான்னு கூலா சொல்லிட்டு போயிட்டான். அப்ப இத்தனை வருஷமா லேப்ல என்னதான் பண்றாக? எங்கள மாதிரி ஆளுக்கு வந்து சேர்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா இல்ல எல்லாம் எலிக்கு மட்டும்தானா? தெரிஞ்சவுக சொல்லுங்க, பயமுறுத்தாம.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

சிஸ்டர் பயப்படாதீங்க. என் வீட்ல ரெண்டாவதுக்கு வாரா வாரம் இடுப்புல ஒரு ஹார்மோன் ஊசி போட்டாங்க, 38 வாரம் வரைக்கும் போச்சு, பையன் மூணு கிலோ. அந்த ஊசிய கேட்டு வாங்கிப் போட்டுக்கங்க, அவ்ளோதான் விஷயம், ரொம்ப யோசிக்காதீங்க.

பள்ளத்தூரான் எழுதியது:

ரஸ்தா அண்ணே உங்க வீட்ல நல்லபடியா முடிஞ்சது சந்தோஷம், ஆனா அந்த ஊசி கதை அவ்ளோ லேசு இல்ல, அதுக்கு அப்புறம் வர்றேன். நான் சென்னைல செல் பயாலஜில ஆராய்ச்சி பண்றேன், டாக்டர் கிடையாது, அதனால மருந்து சொல்ல மாட்டேன், அக்கா கேட்ட கேள்விக்கு மட்டும் தெரிஞ்சத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

கர்ப்பப்பைங்கிறது முழுக்க தசை. அந்தத் தசைய மாசக்கணக்கா சும்மா இருடான்னு அடக்கி வைக்கிறது புரோஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன். 1956லயே சாப்போன்னு ஒரு ஹங்கேரி நாட்டு ஆளு இதை சொல்லிட்டார். வலி வர்ற நேரத்துல என்ன ஆகுதுன்னா, பக்கத்து பக்கத்து தசை செல்லுக்கு நடுவுல கனெக்ஸின் 43ன்னு ஒரு புரதம் வழி போட்டுருது, அதுவரைக்கும் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்துக்கிட்டு இருந்த செல்லெல்லாம் ஒரே நேரத்துல இழுக்கும், தேர் வடம் புடிக்கிற மாதிரி. அதே சமயம் கருப்பை வாய் கொழகொழன்னு ஆகணும், அது வரைக்கும் மூக்கு நுனி மாதிரி கெட்டியா இருக்குறது உதடு மாதிரி ஆயிரும், உள்ள இருக்குற கொலாஜன் நாரு லூஸாகுறதுதான் காரணம். மூணாவது பனிக்குடத் தோல் மெலிஞ்சு விடணும். இந்த மூணும் 37 வாரத்துக்கு முன்னாடியே நடந்துட்டா குறைமாசம்.

இப்ப உங்க தம்பி சொன்னது. செம்மறி ஆட்டுல சுவிட்ச் எதுன்னு தெரியும், குட்டியோட அட்ரினல் சுரப்பியில கார்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறுனா தாயோட புரோஜெஸ்டிரான் இறங்கும், குட்டி போட்டுரும். அதாவது எப்ப வெளிய வரணும்னு குட்டிதான் முடிவு பண்ணுது. மனுஷங்கள்ல அப்படி இல்ல, கடைசி வரைக்கும் ரத்தத்துல புரோஜெஸ்டிரான் குறையாது, தசைதான் அது சொல்றத காதுல போட்டுக்குறத நிறுத்திருது. அந்த ஹார்மோன வாங்கிக்கிறதுக்கு செல்லுக்குள்ள ஏற்பின்னு ஒரு புரதம் இருக்கு, அதுல ஏ, பி ரெண்டு வகை, கடைசில ஏ வகை ஓங்கிருது. எதனால ஓங்குது, யாரு சொல்லி ஓங்குதுங்கிறதுலதான் இன்னும் சண்டை. அந்த வகையில தம்பி சொன்னது சரி.

ஆனா குறைமாசத்துக்கு இது மட்டும் போதாது, ஏன்னா அது ஒரே வியாதி இல்லக்கா. நம்ம வீட்டுல முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு எந்தப் பக்கமா நுழைஞ்சாலும் பின்வாசல்ல போய் நிக்கலாம்ல, அந்த மாதிரி. கிருமி ஒரு வழி, நஞ்சுக்கொடிக்கு பின்னாடி ரத்தக்கசிவு ஒரு வழி, ரெட்டைப்புள்ளையாகி கர்ப்பப்பை அளவுக்கு மீறி விரியுறது ஒரு வழி, கருப்பை வாய் நீளம் கம்மியா இருக்குறது, பிபி ஏறி டாக்டரே எடுத்துற வேண்டி வர்றது, இன்னும் என்னென்னமோ. ஒருத்தருக்கு கேட்ட மருந்து இன்னொருத்தருக்கு கேக்காததுக்கு இதான் காரணம்.

ஊசி கதைக்கு வர்றேன். அது 17 ஓஹெச்பிசின்னு சொல்ற செயற்கை புரோஜெஸ்டிரான். 2003ல அமெரிக்கால 463 பேர வச்சு செஞ்ச ஆய்வுல நல்லா வேலை செய்யுதுன்னு வந்துச்சு, 2011ல மக்கேனான்னு பேரு வச்சு அங்க அனுமதி குடுத்தாங்க. மறுபடி 1,700 பேருக்கு மேல வச்சு செக் பண்ணப்ப ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல, 2023 ஏப்ரல்ல அமெரிக்க அரசே அனுமதிய ரத்து பண்ணிருச்சு. ரஸ்தா அண்ணே வீட்ல ஊசி இல்லாமலே கூட 38 வாரம் போயிருக்கலாம், சொல்ல முடியாது.

அதுக்காக புரோஜெஸ்டிரானே வேஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க. கருப்பை வாய் நீளம் கம்மியா இருக்குறவங்களுக்கு மட்டும், உள்ள வைக்கிற மாத்திரையாவோ ஜெல்லாவோ குடுத்தா கதையே வேற. 2011ல 458 பேரு வச்ச ஆய்வுல 33 வாரத்துக்கு முன்னாடி பொறக்குறது நூத்துக்கு 16ல இருந்து 9 ஆச்சு. உங்க டாக்டரம்மா அளந்து பாக்கணும்னு சொன்னது அதுக்குத்தான். 25 மில்லிமீட்டருக்கு கீழ போனா கவனிப்பாங்க. உள்பக்கமா வைக்கிற ஸ்கேன்லதான் சரியா தெரியும், வயித்து மேல வச்சு பாக்குறது அவ்ளோ நம்பகம் இல்ல, வெக்கப்படாம அதுக்கு சம்மதிங்க.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

இது எனக்கு தெரியாது தம்பி, மூணு மாசம் வாரா வாரம் ஐநூறு ஐநூறா குடுத்தேன். சரி விடு, புள்ளை நல்லா இருக்கான்.

நைட் டூட்டி அக்கா எழுதியது:

நான் பச்சப்புள்ள வார்டுல நர்ஸு, பதினாலு வருஷமாச்சு. தம்பி நல்லா சொன்னுச்சு, ஆனா அது முழுக்க வராம தடுக்குறத பத்தியே சொல்லுது, வந்துட்டா என்னங்கிறத நான் சொல்றேன், ஏன்னா எங்ககிட்ட வர்றது அப்புறம்தானே.

ரெண்டாங்கட்டு, உங்க மூத்தவனுக்கு முன்னாடி உங்களுக்கு தொடைல நாலு ஊசி போட்டாங்களா, பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு? ஞாபகப்படுத்திப் பாருங்க. அது டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு. நாங்க டெக்சான்னு சொல்லுவோம். அது பிரசவத்த நிறுத்தாது, புள்ளையோட நுரையீரல அவசரமா பழுக்க வைக்கும். குறைமாசப் புள்ளைக்கு நுரையீரல்ல சர்ஃபாக்டன்ட்னு ஒரு வழுவழுப்பு பத்தாது, மூச்சு விட்டதும் காத்துப்பை ஒட்டிக்கும், ஈரமான பிளாஸ்டிக் கவர் ஒட்டிக்குற மாதிரி, மறுபடி திறக்க அந்த ஒரு கிலோ புள்ள என்ன பாடு படும்ங்கிறீங்க. விலா எலும்பு ஒவ்வொண்ணும் உள்ள போயி போயி வரும், முனகல் சத்தம் கேக்கும், அந்த சத்தத்த ஒரு தடவ கேட்டா தூக்கத்துலயும் கேக்கும்.

இந்த ஊசி எப்படி வந்துச்சுன்னா தம்பி சொன்ன அதே செம்மறி ஆட்டுல இருந்துதான். நியூசிலாந்துல லிக்கின்ஸ்னு ஒரு டாக்டர், பிரசவ வலி எதனால வருதுன்னு பாக்கத்தான் ஆட்டுக்குட்டிக்கு ஸ்டீராய்டு குடுத்து பாத்தாரு. மாசத்துக்கு ரொம்ப முன்னாடி பொறந்த ஒரு குட்டி, ராத்திரிக்குள்ள செத்துருக்கணும், காலைல வந்து பாத்தா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. அவரு தேடுனது ஒண்ணு கெடச்சது ஒண்ணு. அப்புறம் ஹோவின்னு இன்னொரு டாக்டரோட சேந்து 282 தாய்மார வச்சு, பாதிப் பேருக்கு இதே வகை ஸ்டீராய்டு குடுத்து பாத்து 1972ல எழுதுனாங்க, ஊசி போடாதவங்க புள்ளைல நூத்துக்கு 15 செத்துச்சு, போட்டவங்களுக்கு 3 சொச்சம்.

நம்ம ஊரு மாதிரி எடத்துல வேலை செய்யுமான்னு ரொம்ப நாள் சந்தேகம் இருந்துச்சு, 2020ல உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியால பாத்து செய்யுதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு, புள்ளை சீக்கிரம் பொறக்கப்போறது நெசமாத் தெரியணும், மாசக்கணக்கு சரியா இருக்கணும், ஆஸ்பத்திரில புள்ளைய பாத்துக்க வசதி இருக்கணும். சும்மா எதுக்கும் இருக்கட்டும்னு போடுற ஊசி இல்ல அது.

அப்புறம் கங்காரு முறை, அதாவது புள்ளைய நெஞ்சோட நெஞ்சா சேத்து கட்டி வைக்கிறது. அது ஏதோ வசதி இல்லாதவங்க செய்யுறதுன்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. 2021ல வந்த ஆய்வு, டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதுல உண்டு, பொறந்த உடனேயே தாய் நெஞ்சோட சேத்து வச்சா, புள்ள தேறட்டும் அப்புறம் வைப்போம்னு காத்திருக்குறத விட சாவு நாலுல ஒண்ணு கொறையுது. எங்க வார்டுல ஒரு பாட்டி பேத்திய தன் நெஞ்சுல கண்டாங்கிச் சேலைய குறுக்க கட்டி மூணு வாரம் வச்சிருந்தாக, தாய்க்கு காய்ச்சல்னு. பழைய பருத்தி, துவைச்சு துவைச்சு மெத்துன்னு ஆனது, நாங்க குடுத்த துணிய விட அதுதான் நல்லா நின்னுச்சு.

ரெண்டாங்கட்டு எழுதியது:

அக்கா, நாலு ஊசி இல்ல, ரெண்டுதான் போட்டாக, அதுக்குள்ள பொறந்துட்டான். அந்த முனகல் சத்தம் நானும் கேட்டேன். அத ஏன் எழுதுனீங்க, இப்ப படிக்கவும் கை நடுங்குது. பரவால்ல, நான்தான் கேட்டேன்.

ஒரு விசயம் யாருகிட்டயும் சொல்லல. பனிக்குடம் உடையுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி எனக்கு ஒண்ணுக்கு போகயில எரிச்சல் இருந்துச்சு, கொஞ்சம் வெள்ளையும் பட்டுச்சு. சூடுன்னு சொல்லி எளநியும் ஊறவச்ச வெந்தயமும் குடுத்தாக, நானும் குடிச்சேன். அதுதான் காரணமா? நான் டாக்டர்கிட்ட போயிருந்தா நடந்திருக்காதா? நாலு வருசமா இது மனசுக்குள்ள கெடக்கு.

பள்ளத்தூரான் எழுதியது:

அக்கா, அதுதான் காரணம்னு இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, இருக்கலாம்னு மட்டும் சொல்லலாம். மனசுல வச்சு வெந்துக்காதீங்க, ஆனா இந்த தடவ டாக்டர்கிட்ட கண்டிப்பா இத சொல்லுங்க, ஏன்னா இது எந்த வாசல்னு காட்டுற தடயம்.

கீழருந்து கிருமி மேல ஏறுனா என்ன நடக்குதுன்னா, பனிக்குடத் தோலை தொட்டதும் உங்க உடம்போட காவல்காரங்க, அதாவது நோய் எதிர்ப்பு செல்லுங்க, அலாரம் அடிக்கும். அந்த அலாரம் கெமிக்கல் புரோஸ்டாகிளாண்டினை கூட்டும், அது தசைய சுருங்க வைக்கும், வாயை இளக்கும். கூடவே தோல்ல இருக்குற கொலாஜனை அறுக்குற நொதியும் வரும், தோல் மெலிஞ்சு ஒரு எடத்துல விட்டுரும். அதாவது கிருமி நேரா வந்து கிழிக்கிறதவிட நம்ம படை அத அடிக்கப் போயி நம்ம வீட்டு சுவரை இடிச்சுருதுன்னு வச்சுக்கங்க. 28 வாரத்துக்கு முன்னாடி பொறக்குறதுல இந்த வழியா வர்றது ரொம்ப அதிகம்.

அப்ப எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் குடுத்துட்டா முடிஞ்சுதேன்னு தோணும், டாக்டருங்களுக்கும் தோணுச்சு. ஆரக்கிள்னு பெரிய ஆய்வு, 2001. பனிக்குடம் உடைஞ்சவங்களுக்கு எரித்ரோமைசின் கொஞ்சம் நல்லது பண்ணுச்சு. உடையாம வலி மட்டும் வந்தவங்களுக்கு ஒரு பலனும் இல்ல, அதோட நிக்கல, ஏழு வருஷம் கழிச்சு அந்தப் புள்ளைங்கள தேடிப் பாத்தா மருந்து வாங்குனவங்க புள்ளைங்கள்ல மூளை வாதம் கொஞ்சம் கூட இருந்துச்சு. அதனால மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி போட்டுராதீங்க. ஆனா ஒண்ணுக்கு டெஸ்ட்ல கிருமி வளர்ந்துச்சுன்னா, எரிச்சலே இல்லன்னாலும் அதுக்கு மருந்து குடுக்குறது வேற விஷயம், அதுல பலன் இருக்கு. ஸ்ட்ரிப்ப நனைச்சு பாக்குற டெஸ்ட் இல்ல, கிருமிய வளத்துப் பாக்குற கல்ச்சர்னு கேளுங்க, ரெண்டு மூணு நாள் ஆகும் ரிசல்ட் வர.

கொத்தமங்கலம் ஆச்சி எழுதியது:

ஏம்மா ரெண்டாங்கட்டு, வெந்தயம் குடிச்சதெல்லாம் தப்பில்ல, எரிச்சல சொல்லாததுதான் தப்பு, அதுவும் உன் தப்பு இல்ல, ஒண்ணுக்கு எரியுதுன்னு சொல்ல நமக்கெல்லாம் வாய் வராது.

எங்க ஐயா கூடப்பொறந்த அயித்தை பர்மாவுல ஏழாம் மாசத்துல பொறந்தவுக. மங்குச் சட்டில பஞ்ச பரப்பி அதுக்குள்ள போட்டு அடுப்படி ஓரமா ராப்பகலா வச்சிருந்தாகளாம், தாய்ப்பால பஞ்சுல நனைச்சு நனைச்சு குடுத்தாகளாம். எம்பத்தி மூணு வயசு வரைக்கும் இருந்தாக, யாரு வீட்டு விசேசத்துலயும் பணியாரத்துக்கு குறை சொல்லாம வர மாட்டாக. இப்ப நர்ஸு பொண்ணு சொல்றதக் கேட்டா அன்னிக்கு அந்த வெதுவெதுப்புதான் காப்பாத்திருக்குன்னு தெரியுது. ஏழு மாசத்துப் புள்ள பொழைக்கும் எட்டு மாசத்துப் புள்ள பொழைக்காதுன்னு சொல்லுவாகளே அது நெசமா? எம் மருமக எட்டாம் மாசம், அதான் கேக்குறேன்.

இன்னொண்ணு, எங்க அக்கா மகளுக்கு மூணு தடவ அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு. வலியே இல்லாம போயிரும். நாலாவதுக்கு கருப்பை வாயில தையல் போட்டாக, மெட்ராஸ்ல. அந்தப் புள்ளதான் இப்ப அழகப்பால எம்எஸ்சி படிக்கிது.

நைட் டூட்டி அக்கா எழுதியது:

ஆச்சி, அந்த ஏழு மாசம் எட்டு மாசம் கதை சுத்தப் பொய். உள்ள இருக்குற ஒவ்வொரு வாரமும் லாபம்தான், எட்டு ஏழ விட எப்பவும் நல்லது. இந்த நம்பிக்கையால எட்டு மாசத்துல பொறந்தத பொழைக்காதுன்னு கையக் கழுவுனவங்கள நான் பாத்திருக்கேன், அதனாலதான் கோவமா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீக.

பள்ளத்தூரான் எழுதியது:

ஆச்சி, அந்தத் தையல் நம்ம நாட்டு சரக்கு! பம்பாய்ல ஷிரோத்கர்னு ஒரு டாக்டர் 1955ல எழுதுனது, உலகம் பூரா இன்னிக்கும் ஷிரோத்கர் தையல்னு அவர் பேர்லதான் சொல்றாங்க. அத அவர் எழுதுன பத்திரிகை ஆன்டிசெப்டிக், நம்ம மெட்ராஸ்ல இருந்து வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு மெக்டொனால்டுன்னு ஒருத்தர் சுளுவான வகை ஒண்ணு சொன்னார், இப்ப அதிகம் போடுறது அதுதான். உங்க அக்கா மக மாதிரி வலி இல்லாம வாய் திறந்துக்குறவங்களுக்குத்தான் அது, எல்லாருக்கும் போட்டா பலன் இல்ல. பாருங்க, மறுபடி எந்த வாசல்ங்கிறதுலதான் வந்து நிக்குது.

கல்லல் ரோடு எழுதியது:

படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே வலி வந்து வரப்புல பெத்துட்டு போனாங்க, இப்ப ஸ்கேன் அளவு ஊசின்னு சம்பாதிக்கத்தான் இந்த ஆராய்ச்சியெல்லாம். பேசாம வேலை செய்ய சொல்லுங்க, எல்லாம் நல்லா வரும்.

நைட் டூட்டி அக்கா எழுதியது:

வரப்புல பெத்தவங்கள்ல எத்தன பேரு புள்ளையோட வீட்டுக்கு போனாங்கன்னு உங்க பாட்டிகிட்ட கேளுங்க அண்ணாச்சி, எத்தன பெத்து எத்தன நின்னுச்சுன்னு கேட்டா விரல மடக்கி சொல்லுவாங்க. வேலை செய்யுறது தப்பில்ல, படுத்தே கெடந்தா குறைமாசம் தடுக்காதுன்னு ஆய்வே சொல்லுது. வெயில்தான் பிரச்சினை. சென்னை ராமச்சந்திராக்காரங்க நம்ம தமிழ்நாட்டுலயே வயக்காடு, செங்கச் சூளை, உப்பளம்னு வேலை பாக்குற 800 கர்ப்பிணிங்கள பாத்தாங்க, கடும் சூட்டுல வேலை செய்யுறவங்களுக்கு கரு கலையுறதும் வயித்துலயே சாகுறதும் ரெண்டு மடங்கு. நம்ம சிவகங்கை சீமை சித்திரை வெயில் எப்படின்னு உங்களுக்கே தெரியும், நூறு நாள் வேலைக்கு போற புள்ளத்தாச்சிங்கள மத்தியானம் நிழல்ல உக்கார விட சொல்லுங்க, அதுக்கு காசும் வேணாம்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பள்ளத்தூரான் தம்பி, ரத்தத்த எடுத்து பாத்து இந்தம்மாவுக்கு குறைமாசம் வரும் வராதுன்னு முன்னாடியே சொல்ற டெஸ்ட் வந்துருச்சுன்னு வாட்ஸாப்ல வந்துச்சே, அது நெசமா?

பள்ளத்தூரான் எழுதியது:

பாதி நெசம். தாயோட ரத்தத்துல நஞ்சுக்கொடில இருந்தும் புள்ளைகிட்ட இருந்தும் உதிர்ற ஆர்என்ஏ துணுக்கு மிதக்கும், அத வச்சு சொல்லலாமான்னு ஸ்டான்ஃபோர்டுல 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, கொஞ்சம் பேருகிட்ட மட்டும் பாத்தது. நம்ம ஊரு லேப்ல காசு குடுத்து பாக்குற நிலைமைக்கு வரல. 2017ல 43,000 பொண்ணுங்களோட மரபணுவ அலசி சில ஜீன்கள புடிச்சாங்க, அதுல ஒண்ணு உடம்பு செலினியம்ங்கிற தாதுவ புரதத்துல சேக்குற வேலையோட சம்பந்தப்பட்டது. உடனே செலினியம் மாத்திரை வாங்கக் கெளம்பிராதீங்க, அது துப்பு மட்டும்தான், மருந்து ஆகல.

எனக்கு இதவிட முக்கியமா படுறது இன்னொண்ணு, கேக்க சப்புன்னு இருக்கும். 2020 கணக்குப்படி உலகத்துல ஒரு கோடியே 34 லட்சம் குறைமாசப் புள்ளைங்க, அதுல இந்தியால மட்டும் சுமார் 30 லட்சம். ஆனா குறைமாசம்னு சொல்லணும்னா மொதல்ல எத்தன வாரம்னு சரியா தெரியணும்ல? நம்ம ஸ்கேன் மெஷினுல இருக்குற கணக்கு பெரும்பாலும் அமெரிக்கா ஐரோப்பா புள்ளைங்கள அளந்து போட்டது. கர்ப்-இனின்னு (GARBH-Ini) பேரு வச்ச ஒரு பெரிய ஆய்வு 2015ல இருந்து குருகிராம் அரசு ஆஸ்பத்திரில நடக்குது, பரீதாபாத்ல இருக்குற டிஹெச்எஸ்டிஐங்கிற ஆராய்ச்சி நிறுவனம் நடத்துறது, அதுல நம்ம ஐஐடி மெட்ராஸும் உண்டு. அதே பொண்ணுங்கள வேற வேற ஃபார்முலா வச்சு கணக்கு பண்ணா குறைமாசம் நூத்துக்கு 11 சொச்சத்துல இருந்து 16 சொச்சம் வரைக்கும் மாறுது. ஆள் அதே, புள்ள அதே, கணக்கு மட்டும் வேற! அப்புறம் அவங்களே நம்ம ஆளுங்களுக்குன்னு கணக்கு போட்டாங்க, லேட்டா ஸ்கேனுக்கு வர்றவங்களுக்கு 2024ல ஒண்ணு வெளியிட்டாங்க. தேதி தப்புனா நர்ஸக்கா சொன்ன டெக்சா ஊசியும் தப்பான நேரத்துல விழும், அதான் விஷயம். அக்கா உங்க முதல் மூணு மாச ஸ்கேன் பேப்பர தொலைச்சுறாதீங்க, கடைசி வரைக்கும் அந்த தேதிதான் கணக்கு.

மறந்துட்டேன், ஆஸ்பிரின். குறைஞ்ச டோஸ், 81 மில்லிகிராம், மொதப் பிரசவக்காரங்க கிட்டத்தட்ட 12,000 பேரு, இந்தியாவும் சேத்து ஆறு நாட்டுல பாத்தாங்க, 2020ல வந்துச்சு, குறைமாசம் 13.1ல இருந்து 11.6 ஆச்சு. சின்ன லாபம்தான் ஆனா சல்லிசான மாத்திரை. உங்களுக்கு ரெண்டாவதுங்குறதால அது பொருந்துமா, பிபி ஆபத்து இருக்கான்னு டாக்டரம்மாதான் சொல்லணும், நீங்களா போட்டுக்காதீங்க.

ரெண்டாங்கட்டு எழுதியது:

ஏழு வாரம் கழிச்சு வந்திருக்கேன், மன்னிச்சுக்கங்க. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுத்தான் போனேன். டாக்டரம்மா பேப்பர வாங்கி படிச்சுட்டு இத யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாக, சிரிச்சாக, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து பேசுனாக, வெளிய நாப்பது பேரு அன்னிக்கும் இருந்தாக.

கல்ச்சர்ல கிருமி வளந்துருந்துச்சு. எனக்கு எரிச்சல், கடுப்பு ஒண்ணுமே இல்ல! ஏழு நாள் மாத்திரை குடுத்தாக, மறுபடி டெஸ்ட் பண்ணி சுத்தம்னு வந்துருச்சு. 20 வாரத்துல அளந்தாக, 33 மில்லிமீட்டர், இப்போதைக்கு புரோஜெஸ்டிரான் வேணாம், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாப்போம்னாக. எரிச்சல், தண்ணி மாதிரி படுறது, அடிவயிறு விட்டு விட்டு கல்லு மாதிரி ஆகுறது, எதுன்னாலும் விடியட்டும்னு இருக்காம வந்துரணும்னு சொல்லிருக்காக.

இப்ப வீட்டுல பிரச்சினை வேற. ஏழாம் மாசம் வளைகாப்பு பண்ணி எங்க ஆத்தா வீட்டுக்கு அனுப்பணுமாம், அங்க இருந்து பச்சப்புள்ள வார்டு இருக்குற ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். வேணாம்னு சொன்னா முறைய விடுறதாங்குறாக.

கொத்தமங்கலம் ஆச்சி எழுதியது:

முறையெல்லாம் விட வேணாம்மா. வளையல் எந்த ஊருல போட்டா என்ன, காரைக்குடில உங்க சித்தி வீடோ யாரு வீடோ இருந்தா ஆஸ்பத்திரிக்கு பக்கமா அங்க வச்சுக்கங்க, உங்க ஆத்தாவ அங்க வந்து இருக்கச் சொல்லு, மக ஆத்தா வீட்டுக்கு போறதுக்கு பதிலா ஆத்தா மககிட்ட வந்ததா இருக்கட்டும். உங்க அப்பத்தா ஒத்துக்கலன்னா எனக்கு போன் போட்டு குடு, நான் பேசுறேன். எம் மருமகளுக்கு 39 வாரத்துல பேத்தி பொறந்துருக்கா, ரெண்டு கிலோ தொள்ளாயிரம், அதையும் சொல்லிக்கிறேன்.